மானியம் நின்ற பிறகு எங்கள் உழவர் நிறுவனத்தை எப்படி நடத்துவது?

பெரம்பலூர் மாவட்டத்திலிருந்து ஒரு சகோதரி விரிவான கடிதம் எழுதியிருக்கிறார். 2023இல் பதிவான ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் அவர் இயக்குநர். அவர் கேட்டுக்கொண்டபடி ஊர்ப் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் நீக்கியிருக்கிறேன். நிறுவனத்தில் 612 உறுப்பினர்கள் இருக்கிறார்கள். ஆளுக்கு ஆயிரம் ரூபாய் பங்குத்தொகை செலுத்தியிருக்கிறார்கள். அதற்கு இணையான பங்கு மானியமும் வந்து சேர்ந்திருக்கிறது. இடுபொருள் கடை ஒன்றை நடத்துகிறார்கள். சென்ற பருவத்தில் உறுப்பினர்களிடம் 180 டன் மக்காச்சோளம் வாங்கி, நாமக்கல் பக்கத்துக் கோழித் தீவன ஆலை ஒன்றுக்கு அனுப்பியிருக்கிறார்கள். முதன்மைச் செயல் அலுவலருக்கும் கணக்காளருக்கும் சம்பளம் தந்துவந்த நிர்வாக மானியம் வரும் மார்ச்சுடன் முடிகிறது.

இந்த நிலையில், வழிகாட்டு நிறுவனம் தயாரித்துக் கொடுத்த ஐந்தாண்டுத் தொழில் திட்டம் ஒன்று அவர்கள் கையில் இருக்கிறது. அறுபது லட்சத்தில் கால்நடைத் தீவன ஆலை அமைக்க வேண்டும், அதில் 45 லட்சத்தை வங்கிக் கடனாகப் பெற வேண்டும் என்பது அதன் சாரம். இயக்குநர்கள் சிலர் உடனே வங்கிக்குப் போகலாம் என்கிறார்கள். வேறு சிலர் செயல் அலுவலரை நிறுத்திவிட்டு, இயக்குநர்களில் ஒருவரே சம்பளமில்லாமல் பொறுப்பேற்றால் செலவு குறையும் என்கிறார்கள். உறுப்பினர்களோ விளைச்சலை வழக்கமான வியாபாரியிடமே போடுகிறார்கள்; பங்குத்தொகையைத் திருப்பிக் கேட்பவர்களும் உண்டு. "இத்தனை செய்தும் உறுப்பினர்களுக்கு நன்றி இல்லை, அவர்களைச் சட்டப்படி கட்டாயப்படுத்த முடியுமா, ஆலைத் திட்டத்தில் நான் கையெழுத்துப் போடலாமா?" என்பவை அவருடைய முக்கியமான கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்துடன் வரவு செலவுத் தாள்களையும் அனுப்பியதற்கு நன்றி. உங்களைப் போன்ற நிலையில் இன்று பல உழவர் நிறுவனங்கள் இருக்கின்றன. 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளை உருவாக்கும் ஒன்றிய அரசின் திட்டம் 2020இல் தொடங்கியது. அதன்படி ஒரு நிறுவனத்துக்கு நிர்வாகச் செலவுக்காக மூன்று ஆண்டுகளில் அதிகபட்சம் 18 லட்சம் ரூபாயும், உறுப்பினர் ஒருவருக்கு 2,000 ரூபாய் என்ற உச்சவரம்புக்குள் மொத்தம் 15 லட்சம் வரை பங்கு மானியமும் கிடைக்கும். மூன்றாண்டு முடிந்ததும் நிறுவனம் தன் வருமானத்தில் நிற்க வேண்டும் என்பதே திட்டத்தின் எதிர்பார்ப்பு. ஆனால் அந்த மூன்றாண்டுகளும் உறுப்பினர் சேர்ப்பது, உரிமங்கள் வாங்குவது, படிவங்கள் நிரப்புவது என்று கழிந்துவிடுகின்றன. வியாபாரத்தைப் பற்றி உட்கார்ந்து யோசிக்கும் நேரம், பணம் நிற்கும்போதுதான் வாய்க்கிறது. உங்களுக்கு இன்னும் ஓர் அறுவடை மீதம் இருக்கிறது. அதைச் சரியாகப் பயன்படுத்தினால் நிலைமையைச் சீர்செய்ய முடியும் என்றே நான் நம்புகிறேன்.

உங்களிடம் இருக்கும் திட்டத்தைப் பற்றி

ஐந்தாண்டுத் திட்டத்தை முழுவதும் படித்தேன். முதலாண்டு விற்றுமுதல் ஒன்றரைக் கோடி எனத் தொடங்கி, ஆண்டுதோறும் 50 சதவீதம் கூடி, ஐந்தாம் ஆண்டில் ஏழரைக் கோடியைத் தாண்டுகிறது. அந்தத் தீவனத்தை யார் வாங்குவார்கள், எத்தனை நாளில் பணம் தருவார்கள், அப்பகுதியில் ஏற்கெனவே விற்கும் தீவனங்களை விட்டுவிட்டுப் பால் மாடு வைத்திருப்பவர் உங்களுடையதை ஏன் வாங்க வேண்டும் என்பதற்கு ஒரு வரிகூட அதில் இல்லை. மானியமும் கடனும் கேட்பதற்காக இத்தகைய அறிக்கைகள் எழுதப்படுகின்றன. அந்த வேலைக்கு அது தேவையாகவும் இருக்கலாம். நிறுவனத்தை நடத்துவதற்கான திட்டம் என்று அதை நீங்கள் எடுத்துக்கொண்டதுதான் முதல் பிழையான அனுமானம்.

நடத்துவதற்கான திட்டம் இரண்டு கேள்விகளில் தொடங்க வேண்டும். ஒரு விவசாயி வியாபாரியை விட்டு உங்களிடம் வந்தால் அவர் கையில் கூடுதலாக எத்தனை ரூபாய் நிற்கும் என்பது ஒன்று. மானியமே இல்லையென்றால் நிறுவனத்தின் ஓராண்டுச் செலவை ஈடுகட்ட எத்தனை டன் வியாபாரம் நடக்க வேண்டும் என்பது மற்றொன்று. இவற்றுக்கு விடை தெரியாத நிலையில் ஆலை அமைப்பதோ கடன் வாங்குவதோ முறையாகாது. விடை காணத் தேவையான எண்கள் எல்லாம் உங்கள் தாள்களிலேயே இருக்கின்றன. அவற்றைக் கொண்டு கணக்கைக் கீழே போட்டிருக்கிறேன். அடுத்த இயக்குநர் கூட்டத்தில் இதையே வரி வரியாகச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மானியம் இல்லாத ஓராண்டுக் கணக்கு

செயல் அலுவலர் சம்பளம் மாதம் 25,000 வீதம் ஆண்டுக்கு 3,00,000 ரூபாய். கணக்காளருக்கு மாதம் 10,000 வீதம் 1,20,000. கடைக்கும் அலுவலகத்துக்கும் வாடகை, மின்கட்டணம் 72,000. தணிக்கை மற்றும் நிறுவனப் பதிவாளர் அலுவலகத் தாக்கல்களுக்கு 60,000. பயணம், தொலைபேசி, கூட்டச் செலவுகள் 48,000. மொத்தம் ஆறு லட்சம் ரூபாய். வியாபாரம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் இந்த ஆறு லட்சம் போய்க்கொண்டே இருக்கும்.

வரவுப் பக்கம் பாருங்கள். கடையில் 42 லட்சத்துக்கு விற்று, சராசரியாக 4 சதவீதம் நின்றிருக்கிறது; அது 1,68,000. மக்காச்சோளத்தில் ஏற்றுக்கூலி, லாரி வாடகை, கழிவு எல்லாம் போகக் கிலோவுக்கு 50 காசு நின்றிருக்கிறது. 180 டன்னுக்கு அது 90,000. இரண்டும் சேர்ந்து 2,58,000. எனவே மானியம் இல்லாவிட்டால் ஆண்டுக்கு 3,42,000 ரூபாய் துண்டு விழும். சென்ற ஆண்டு ஏட்டில் நீங்கள் கண்ட லாபம் உண்மையில் மானியத்தின் மிச்சம்தான். இதை இயக்குநர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில், ஒரே தாளில் பார்த்தாக வேண்டும்.

இந்தத் துண்டை இப்போதைய 50 காசு விகிதத்திலேயே மக்காச்சோளத்தால் அடைக்க வேண்டுமானால் மொத்தம் 864 டன் வாங்க வேண்டும். உங்கள் உறுப்பினர்களில் ஏறத்தாழ 400 பேர் தலா இரண்டு ஏக்கரில் மக்காச்சோளம் போடுகிறார்கள், ஏக்கருக்கு 20 குவிண்டால் கிடைக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் உறுப்பினர்களின் மொத்த விளைச்சல் 1,600 டன். இன்று அதில் 11 சதவீதம் உங்களிடம் வருகிறது. 864 டன் என்றால் 54 சதவீதம் வர வேண்டும். ஒரே பருவத்தில் அது நடக்காது.

ஆனால் 50 காசு என்பதை நீங்கள் விதியாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. உங்கள் சரக்குப் பதிவேட்டில் பாதி நிறைந்த லாரிகள் பல முறை போயிருக்கின்றன. லாரிக்காரர் வாடகையை முழுதாகவே வாங்கியிருக்கிறார். இரண்டு லோடுகளுக்கு ஈரப்பதம் 14 சதவீதத்துக்கு மேல் இருந்ததாக ஆலை விலையைக் குறைத்திருக்கிறது. முழு லோடாக மட்டும் அனுப்புவது, உறுப்பினரின் களத்திலேயே ஈரப்பதமானி வைத்துச் சோதித்த பிறகே மூட்டை பிடிப்பது என்ற இரண்டு ஒழுங்குகளால் கிலோவுக்கு 80 காசு நிற்க வாய்ப்பிருக்கிறது. அப்போது தேவைப்படுவது 540 டன். அதாவது உறுப்பினர் விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கு. அதுவும் எளிதன்று, ஆனால் எட்டக்கூடியது. இயந்திரம் எதுவும் வாங்காமலே உங்கள் நிறுவனத்துக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய முன்னேற்றம் இதுதான் என்பது என் கருத்து.

உறுப்பினர்கள் ஏன் வியாபாரியிடம் போகிறார்கள்

நன்றி இல்லை என்று நீங்கள் வருத்தப்படுகிறீர்கள். மூன்றாண்டுகள் ஊதியமில்லாமல் அலைந்தவருக்கு அந்த வருத்தம் இயல்பானது. என்றாலும், உங்கள் வங்கிக் கணக்கு அறிக்கையைப் பார்க்கும்போது வேறொரு காரணம் தெரிகிறது. பங்குத்தொகை 6,12,000, பங்கு மானியம் 6,12,000 ஆக மொத்தம் 12,24,000 ரூபாய் உங்கள் மூலதனம். அதில் ஏழு லட்சத்துக்கு மேல் கடையில் உரமாகவும் விதையாகவும் இருக்கிறது. கொள்முதலுக்குக் கையில் இருப்பது ஏறத்தாழ ஐந்து லட்சம். கிலோ 22 ரூபாய் என்றால் அது 23 டன்னுக்குக்கூடப் போதாது. ஆலையோ சரக்கு இறங்கிப் பதினைந்து நாள் கழித்துப் பணம் அனுப்புகிறது. ஆகவே முதல் லோடு போனதும் உங்கள் கை காலியாகிவிடுகிறது. அடுத்த விவசாயியிடம் "பணம் பதினைந்து நாளில் வரும்" என்று சொல்கிறீர்கள். அவருக்கு அறுவடைக் கூலி அன்றைக்கே கொடுத்தாக வேண்டும். வியாபாரி களத்திலேயே ரொக்கம் தருகிறார். விதைப்புக்கு முன்பணமும் தந்திருக்கிறார். இந்த நிலையில் நான் அந்த விவசாயியாக இருந்தாலும் வியாபாரியிடம்தான் போட்டிருப்பேன்.

எனவே உங்கள் சிக்கல் பெருமளவு நடைமுறை மூலதனச் சிக்கல். 540 டன்னை அறுபது நாளில் வாங்கினால் ஒரு நாளைக்கு ஒன்பது டன், அதாவது 1,98,000 ரூபாய். ஆலை பதினைந்து நாளில் பணம் தந்தால் எந்த நேரத்திலும் ஏறத்தாழ 30 லட்சம் வெளியே நிற்கும். ஏழு நாளில் தந்தால் 14 லட்சம் போதும். ஆலையுடன் பேசும்போது கிலோவுக்குப் பத்துக் காசு கூடுதலாகக் கேட்பதைவிட, பணம் வரும் நாள்களைக் குறைக்கச் சொல்வதில்தான் உங்கள் முழுக் கவனமும் இருக்க வேண்டும். சிறிய நிறுவனங்களின் திட்டங்களில் பெரும்பாலும் விடுபடுவது இந்த நாள் கணக்கே. லாபத்தில் இயங்கும் நிறுவனமும் பணம் திரும்பும் வேகம் குறைந்தால் மூச்சு முட்டிவிடும்.

முன்பணத்தைப் பொறுத்தவரை வியாபாரியுடன் போட்டியிட வேண்டாம். உங்களுக்கு அவ்வளவு பணமும் இல்லை, வசூலிக்கும் ஆட்களும் இல்லை. சட்டம் இடம் தருகிறது என்பது உண்மை. உற்பத்தியாளர் நிறுவனம் தன் வியாபாரம் தொடர்பாக உறுப்பினருக்கு ஆறு மாதத்துக்கு மிகாத கடன் வசதி தரலாம். ஆனால் படைப்புழுத் தாக்குதல் 2018இலிருந்து இப்பகுதி மக்காச்சோளத்தை எப்படிப் பாதித்தது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மோசமான பருவம் உங்கள் மூலதனம் முழுவதையும் வாராக் கடனாக்கிவிடும். அதற்கு மாறாக, தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் உரிய காலத்தில் திருப்பிச் செலுத்துவோருக்கு வட்டியில்லாப் பயிர்க்கடன் கிடைக்கிறது. அதைப் பெறாத உறுப்பினர்கள் எத்தனை பேர் என்று கணக்கெடுத்து, சிட்டா, அடங்கல் முதலிய ஆவணங்களைச் சேர்த்துக் கொடுத்து, விண்ணப்பிக்க உதவுவது உங்கள் செயல் அலுவலரின் ஆவணி மாத வேலையாக இருக்கட்டும். முன்பணக் கட்டிலிருந்து விடுபட்ட விவசாயியிடம்தான் உங்களால் சரக்கு வாங்க முடியும்.

உறுப்பினருக்கு என்ன மிஞ்சும் என்ற கேள்விக்கும் உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. உள்ளூர் வியாபாரி நூறு கிலோ மூட்டைக்கு இரண்டு கிலோ கழிவு பிடிக்கிறார் என்கிறீர்கள். நீங்கள் அந்தக் கழிவு பிடிக்காமல், மின்னணுத் தராசில் உறுப்பினர் கண்முன் எடை போட்டு, அதே 22 ரூபாய் கொடுத்தாலே குவிண்டாலுக்கு 44 ரூபாய் அவருக்குக் கூடுதல். இரண்டு ஏக்கரில் 40 குவிண்டால் எடுப்பவருக்கு அது 1,760 ரூபாய். அவர் போட்ட பங்குத்தொகையைவிட அதிகம். நன்றியைப் பற்றிப் பேசுவதைவிட இந்த எண்ணை ஊர் ஊராகச் சொல்லுங்கள். கூடவே, குறைந்தபட்ச ஆதரவு விலை 2025-26க்குக் குவிண்டாலுக்கு 2,400 ரூபாய் என அறிவிக்கப்பட்டிருக்க, நாம் ஏன் 2,200 கொடுக்கிறோம் என்று கேட்பார்கள். அரசு முகமை கொள்முதல் செய்யாத இடத்தில் தனியார் ஆலையை அந்த விலைக்குக் கட்டுப்படுத்த நம்மால் இயலாது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

கட்டாயப்படுத்த முடியுமா

உங்கள் நிறுவனம் கம்பெனிகள் சட்டம் 2013இன் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கான அத்தியாயத்தின்படி இயங்குவது. அதன்படி ஒருவருக்கு எத்தனை பங்கு இருந்தாலும் ஒரு வாக்குதான். ஒருவர் எவ்வளவு சரக்கை, எவ்வளவு காலம் நிறுவனத்தின் வழியாக விற்றால் அவர் செயலில் உள்ள உறுப்பினர் ஆவார் என்பதை உங்கள் செயல்விதிகளில், அதாவது நிறுவனத்தின் உள்விதிகளில், வரையறுக்கலாம். செயல்விதிகள் இடம் தந்தால் பொதுக்குழுவில் வாக்குரிமையைச் செயலில் உள்ள உறுப்பினர்களுக்கு மட்டுமே என்று வரம்பிடவும் முடியும். ஆகவே உங்கள் கையில் ஒரு கருவி இருக்கிறது. அதை இப்போது எடுக்க வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். உடனே பணம் தர இயலாத நிறுவனம் வாக்குரிமையைப் பறித்தால், எஞ்சியிருக்கும் உறுப்பினர்களும் விலகிப் போவார்கள். ஒரு பருவமாவது மூன்று நாளுக்குள் பணம் தந்து காட்டிய பிறகு, பொதுக்குழுவிலேயே இதைப் பேசித் தீர்மானியுங்கள்.

பரிசுக்கும் சட்டத்தில் இடமுண்டு என்பதை உங்கள் இயக்குநர்கள் கவனிக்கவில்லை என்று தோன்றுகிறது. இத்தகைய நிறுவனத்தில் பங்குக்கான ஈவு வரம்புக்குட்பட்டது. உபரியை, உறுப்பினர் ஒவ்வொருவரும் நிறுவனத்தின் வழியாகச் செய்த வியாபாரத்தின் அளவுக்கேற்ப ஊக்கத்தொகையாகப் பகிரலாம். அதிகப் பங்கு வைத்திருப்பவரைவிட அதிகச் சரக்குக் கொடுத்தவருக்கே பலன் போய்ச் சேரும். இதற்கு உறுப்பினர்வாரியான கொள்முதல் பதிவேடு பிசகில்லாமல் இருக்க வேண்டும். அதனால் எல்லாப் பணத்தையும் வங்கிக் கணக்கு வழியாகவே கொடுங்கள்.

பங்குத்தொகையைத் திருப்பிக் கேட்பவர்களுக்கு ரொக்கமாகக் கொடுத்துவிட வேண்டாம், இது முக்கியம். ஓர் உறுப்பினர் இயக்குநர் குழுவின் முன்னனுமதியுடன் செயலில் உள்ள வேறோர் உறுப்பினருக்கு முகமதிப்பில் பங்கை மாற்றிக் கொடுக்கலாம் என்பதே சட்டம் காட்டும் வழி. கேட்பவர்களின் பட்டியலையும் கூடுதல் பங்கு வாங்க விரும்புவோரின் பட்டியலையும் சேர்த்துக் குழுவின் முன் வையுங்கள்.

செயல் அலுவலர் இல்லாமல் நடத்த முடியுமா

முடியாது, அதற்குச் சட்டம் இடம் தரவில்லை. உற்பத்தியாளர் நிறுவனத்துக்கு முழுநேர முதன்மைச் செயல் அலுவலர் கட்டாயம். அவர் உறுப்பினர் அல்லாதவராகவும் இருக்க வேண்டும். உங்கள் இயக்குநர்கள் உறுப்பினர்கள் என்பதால் அவர்களில் ஒருவர் அந்தப் பதவியில் அமர இயலாது. சட்டத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும் இந்த யோசனை தவறானது. அறுவடை நேரத்தில் இயக்குநர் தன் சொந்த வயலில் இருப்பார். ஆலை மேலாளரிடம் பேசுவது, லாரி பிடிப்பது, எடைச்சீட்டை ஒப்பிடுவது ஆகியவை எல்லாம் அந்த நாள்களில்தான் வரும். மூன்று லட்சத்தை மிச்சப்படுத்தப் போய் நிறுவனத்தின் மக்காச்சோள வியாபாரத்தையே இழந்துவிடக் கூடாது. சம்பளத்தின் ஒரு பகுதியைக் கொள்முதல் அளவோடு இணைப்பது பற்றி அவரிடம் மனம் திறந்து பேசுங்கள்; அது நியாயமான வழி.

செலவைக் குறைக்கிறோம் என்று தணிக்கையிலும் தாக்கல்களிலும் கை வைக்காதீர்கள். ஆண்டுக் கணக்கு, ஆண்டறிக்கைப் படிவங்கள் ஒவ்வொன்றுக்கும் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் கூடுதல் கட்டணம். தொடர்ந்து மூன்றாண்டுகள் தாக்கல் செய்யாவிட்டால் இயக்குநர்கள் தகுதியிழப்புக்கு ஆளாக நேரிடும். கடையும் அலுவலகமும் தனித்தனி வாடகைக் கட்டடங்களில் இருப்பதாகச் சொல்கிறீர்கள்; ஒன்றாக்கினால் மாதம் 3,000 மிச்சம் என்று உங்கள் கணக்காளரே குறித்திருக்கிறார். ஆண்டுக்கு 36,000. அங்கே தொடங்கலாம்.

இந்தப் பருவமும் அடுத்த பருவமும்

மானியம் இருக்கும்போதே வருகிற தை, மாசி அறுவடையைச் சோதனைப் பருவமாக நடத்துங்கள். எல்லா ஊர்களிலும் வாங்க முயல வேண்டாம். சாலை வசதியும் களமும் உள்ள மூன்று ஊர்களைத் தேர்ந்து, 300 டன் என்று இலக்கு வையுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து டன், 1,10,000 ரூபாய். ஆலை ஏழு நாளில் பணம் தர ஒப்புக்கொண்டால் 7,70,000 போதும். உங்களிடம் ஐந்து லட்சம் இருக்கிறது. பற்றாக்குறைக்கு வங்கியில் ஐந்து லட்சம் அளவில் ரொக்கக் கடன் வரம்பு (வேண்டும்போது எடுத்து, பணம் வந்ததும் திருப்பிக் கட்டும் வசதி) கேட்கலாம். பருவம் முடிந்ததும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து காட்டினால், அடுத்த ஆண்டு அதே வங்கி வரம்பை உயர்த்தித் தருவதற்கு அதைவிட நல்ல அறிக்கை வேண்டியதில்லை. புரட்டாசிக்குள் ஆலையுடன் எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். அளவு, ஈரப்பத வரம்பு, மீறினால் எவ்வளவு கழிவு, எத்தனை நாளில் பணம் என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். ஒரே ஆலையை நம்பியிராமல் இரண்டாவது ஆலை ஒன்றுக்கும் சில லோடுகளையாவது அனுப்பிப் பழகுங்கள்.

விலை ஏறும் என்று சரக்கை இருப்பு வைக்கும் ஆசை வரும். உங்கள் பணத்தில் அதைச் செய்ய வேண்டாம். இருப்பு வைக்க விரும்பும் உறுப்பினருக்கு ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தின் கிடங்கையும் அங்கே சரக்கை ஈடாக வைத்துப் பெறும் பொருளீட்டுக் கடனையும் காட்டிவிடுங்கள். விலை இறங்கினால் வரும் நட்டத்தைத் தாங்கும் வலு இப்போதைக்கு நிறுவனத்துக்கு இல்லை.

மானியமற்ற முதல் ஆண்டில் 540 டன் வராமல் 400 டன்தான் வந்தது என்று வைத்துக்கொள்வோம். 80 காசு வீதம் 3,20,000, கடையிலிருந்து 1,68,000, மொத்தம் 4,88,000. துண்டு 1,12,000. கட்டடத்தை ஒன்றாக்கியதில் 36,000 வரும். உரத்தில் நிற்பது குறைவு என்பதால், கூடுதலாகப் பத்து லட்சத்துக்கு விதை விற்று 8 சதவீதம் நின்றால் 80,000. துண்டு அடைபட்டுவிடும். 300 டன்னோடு நின்றுவிட்டால், இந்த இரண்டையும் சேர்த்த பிறகும் 76,000 ரூபாய் போதாது. அதை எந்தப் பணத்திலிருந்து எடுப்பது என்பதை இப்போதே இயக்குநர் குழுவில் முடிவு செய்து எழுதி வைத்துவிடுங்கள். மாசி மாதக் கடைசியில் கொள்முதல் 200 டன்னைத் தாண்டவில்லையென்றால் எதை நிறுத்துவது என்பதும் அந்தத் தாளில் இருக்க வேண்டும். நெருக்கடி வந்த பிறகு நிதானமாக முடிவெடுப்பது கடினம்.

இவை அனைத்தும் நான்கு பக்கங்களில் அடங்கும். அதை ஆண்டுப் பொதுக்குழுவில் வாசித்துக் காட்டுங்கள். செயல்விதிகள் அதிகம் கேட்காதவரை மொத்த உறுப்பினர்களில் நான்கில் ஒரு பங்கினர், அதாவது 153 பேர், வந்தால்தான் கூட்டம் செல்லும் என்பதால், தேதியை விதைப்பு வேலைகளுக்கு இடையில் வைக்காதீர்கள்.

ஆலைத் திட்டமும் உங்கள் கையெழுத்தும்

கால்நடைத் தீவன ஆலையை நான் எதிர்க்கவில்லை; இப்போது வேண்டாம் என்கிறேன். 45 லட்சம் கடனுக்கு 11 சதவீத வட்டி என்றால் முதலாண்டு வட்டியே ஏறத்தாழ 4,95,000. ஏழாண்டில் அடைப்பதானால் அசலுக்கு ஆண்டுக்கு 6,43,000. ஆக, ஆலை ஓடினாலும் நின்றாலும் 11 லட்சத்துக்கு மேல். வேளாண் உட்கட்டமைப்பு நிதியின் கீழ் இரண்டு கோடி வரையிலான கடனுக்கு ஏழாண்டு வரை 3 சதவீத வட்டிச் சலுகை உண்டு. அது கிடைத்தாலும் முதலாண்டில் 1,35,000 குறையும், அவ்வளவுதான். ஆறு லட்சத்தையே ஈட்ட முடியாத நிறுவனத்தின்மேல் இதையும் ஏற்றுவது முறையன்று. எஞ்சிய 15 லட்சத்துக்கு உங்கள் மூலதனம் முழுவதும் கரைந்தாலும் போதாது; அதன்பின் மக்காச்சோளம் வாங்கவும் பணம் இருக்காது. இரண்டு பருவங்கள் தொடர்ந்து 500 டன்னுக்கு மேல் கையாண்ட பிறகு, பக்கத்துப் பால் கூட்டுறவுச் சங்க உறுப்பினர்களிடம், வேறு ஆலையில் அரைத்து வாங்கிய தீவனத்தைச் சில டன் விற்றுப் பாருங்கள். மறுபடியும் கேட்டு வருகிறார்களா என்பதைப் பார்த்து ஆலையைப் பற்றிப் பேசலாம்.

இயக்குநர்கள் சொந்தப் பொறுப்பில் ஜாமீன் தர வேண்டும் என்று வங்கி கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். உழவர் நிறுவனங்களுக்கென்று இரண்டு கோடி வரையிலான திட்டக் கடனுக்கு அரசின் கடன் உத்தரவாதத் திட்டம் இருக்கிறது. அதன் கீழ் விண்ணப்பத்தைப் பரிசீலிக்க முடியுமா என்று கிளையில் எழுத்தில் கேளுங்கள். பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். நிறுவனத்தின் கடனுக்கு உறுப்பினரின் பொறுப்பு பங்கு அளவோடு நிற்கிறது. ஆனால் சொந்த ஜாமீன் பத்திரத்தில் கையெழுத்திட்டவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. வீட்டையும் நிலத்தையும் அது தொடரக்கூடும் என்று உங்கள் கணவர் அஞ்சுவது சரியான அச்சமே.

இயக்குநர் குழுவில் பெரும்பான்மை ஆலைப் பக்கம் சாய்ந்தால், உங்கள் மாற்றுக் கருத்தைக் காரணங்களுடன் எழுதிக் கொடுத்து, கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் பெயருடன் பதியச் சொல்லுங்கள். ஜாமீன் பத்திரத்தில் கையெழுத்திடும்படி பெரும்பான்மைத் தீர்மானம் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. உங்கள் செயல்விதிகளின் நகலை எனக்கு அனுப்பினால், செயலில் உள்ள உறுப்பினர் பற்றிய பிரிவு அதில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்து, பொதுக்குழுவுக்கு முன்பாகவே பதில் எழுதுகிறேன்.